டென்னிசு ரிட்ச்சி

டென்னிசு மாக்கலிசுடர் ரிட்ச்சி (செப்டெம்பர் 9, 1941 – அக்டோபர் 2011) ஓர் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆவார். சி நிரலாக்க மொழியை உருவாக்கியவர். கென் தாம்சனுடன் இணைந்து யுனிக்சு இயக்குதளத்தையும் உருவாக்கினார். தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர் பலருக்குச் சி பாடநூலின் அட்டை வழியே அறிமுகமான பெயர் இது.

வாழ்க்கை

நியூயார்க் மாநிலத்தின் பிராங்சுவில் என்னும் ஊரில் பிறந்தார். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் பயன்பாட்டுக் கணிதமும் பயின்றார். முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடித்தும் பட்டம் பெறவில்லை. 1967 இல், தந்தை அலிசுடர் ரிட்ச்சி பணியாற்றிய பெல் ஆய்வுகூடத்திலேயே சேர்ந்தார்.

1969 இல் தாம்சன் பிடிபி-7 கணினியில் எழுதத் தொடங்கிய சிறிய இயக்குதளமே யுனிக்சு ஆயிற்று. 1973 இல் அதன் கருனி, அதாவது வன்பொருளை நேரடியாக ஆளும் உட்பகுதி, சி மொழியில் மீண்டும் எழுதப்பட்டது.

நினைவகமும் ஒரு கோப்பு

யுனிக்சில் வட்டு, முனையம் போன்ற கருவிகளும் கோப்புகளாகவே தோன்றுகின்றன. கணினியின் நினைவகமும் அவ்வாறே 'மெம்' என்ற கோப்பாக வைக்கப்பட்டது. தாம்சனும் ரிட்ச்சியும் 1971 நவம்பரில் வெளியிட்ட முதற் பதிப்புக் கையேட்டிலேயே, வழுநீக்கி கொண்டு இக்கோப்பின் வழியாக இயக்குதளத்தை ஆராயலாம், திருத்தவும் செய்யலாம் என்ற குறிப்பு உண்டு. கருனியின் முகவரிகளுக்கெனக் 'கேமெம்' என்ற கோப்பு பின்னர் சேர்ந்தது.

1979 இன் ஏழாம் பதிப்பில், இசுடீவ் போர்ன் எழுதிய ஏடிபி வழுநீக்கி இப்பணிக்கு உதவியது. கருனியின் கோப்பிலுள்ள பெயர்ப் பட்டியலிலிருந்து ஒரு மாறியின் முகவரியை அது அறியும். சாய்கோட்டுக் குறியுடன் எழுதினால் ஓடிக்கொண்டிருக்கும் நினைவகத்தில் மதிப்பு மாறும்; மறுதொடக்கத்தில் அம்மாற்றம் மறையும். வினாக்குறியுடன் எழுதினால் வட்டிலுள்ள கருனிக் கோப்பு மாறும். மறுதொடக்கத்திற்குப் பின்னரே அது நடைமுறைக்கு வரும். நிலையான மாற்றம் வேண்டுவோர் இரண்டையும் செய்தனர். மூலநிரல் கிடைக்காத நிறுவனங்களுக்கு இது பெரும் உதவி. ஆயினும் சரிபார்ப்பு எதுவும் கிடையாது. ஓர் இலக்கம் பிழைத்தால் அப்போது பணியிலிருக்கும் அனைவரின் வேலையும் நின்றுவிடும். எனவே முதன்மைப் பயனருக்கு மட்டுமே எழுதும் உரிமை அளிப்பது வழக்கம்.

ஊடுருவுவோருக்கும் இவ்வழி பயன்பட்டதால் பிற்கால இயக்குதளங்கள் இதனைக் கட்டுப்படுத்தின. லினக்சு 2021 இல் 'கேமெம்' கோப்பையே நீக்கியது. மாற்றத்தக்க மாறிகளுக்கு இப்போது சிசுகண்ட்ரோல் என்னும் முறையான வழி உள்ளது.

பிற்காலம்

1978 இல் பிரையன் கெர்னிகனுடன் சி மொழி நூலை எழுதினார். 1983 இல் தாம்சனுடன் டூரிங் விருது பெற்றார். 2007 இல் ஓய்வு பெற்றார். தனியே வாழ்ந்த ரிட்ச்சி, நியூ செர்சியின் பெர்க்கிலி ஐட்சில் உள்ள தம் இல்லத்தில் அக்டோபர் 12, 2011 அன்று இறந்த நிலையில் காணப்பட்டார்.