மொன்டிசோரி என்றொரு வைத்தியர்

பிள்ளையை மொன்டிசோரிக்கு விட்டிருக்கிறோம் என்று சொன்னால் நம் நாட்டில் விளங்காதவர் இல்லை. முன்பள்ளிக்கே அது பெயராகிவிட்டது. நாமும் கல்லூரிக்கு வருமுன் அப்படியொன்றில்தான் மணி கோத்துப் பழகினோம். அது ஒரு பெண்ணின் பெயர் என்பதும், அவர் ஒரு வைத்தியர் என்பதும் மருத்துவ பீடத்துக்குப் போன பின்பே நமக்குத் தெரியவந்தன. கல்லூரியின் நூற்றாண்டு மலரில் அவரை நினைவுகூர விரும்புகிறோம்.

மரியா மொன்டிசோரி 1870 ஓகஸ்ட் 31 இல் இத்தாலியின் கியாரவல்லே என்ற ஊரில் பிறந்தார். தந்தை அரசாங்க உத்தியோகத்தர். தாய் வாசிப்பில் ஈடுபாடு மிக்கவர். பெண்ணுக்கு ஏற்றது ஆசிரியத் தொழில் என்பது அக்காலத்து எண்ணம். மரியாவோ அதை மட்டும் வேண்டாம் என்றார். பொறியியல் படிக்க எண்ணி, பின் மனம் மாறி, ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். ஆண் மாணவர்களுடன் நின்று சடலத்தை வெட்டிப் படிப்பது பெண்ணுக்கு அழகல்ல என்றார்கள். எல்லோரும் போன பின்னர், சடலங்களுக்கு நடுவே தனியே நின்று படித்தார். 1896 இல் வைத்தியரானார்.

முதற்பணி மனநோய் மருத்துவத்தில். அங்கே, கற்க இயலாதவர்கள் என ஒதுக்கப்பட்ட சிறுவர்கள் மனநோய் விடுதிகளில் அடைபட்டிருந்தனர். அவர்களுக்கு வேண்டியது மருந்து அல்ல, கல்வி என்று கண்டார். தொட்டும் கோத்தும் அடுக்கியும் கற்பதற்கு ஏற்ற பொருள்களைச் செய்வித்தார். அவர்களிற் சிலர் ஏனைய பிள்ளைகளுடன் பொதுப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தனர். ஊர் வியந்தது. அவரோ, நல்ல சுகமுள்ள பிள்ளைகள் ஏன் இவர்களை விட வெகுதூரம் முன்னே போகவில்லை என்று யோசித்தார்.

1907 ஜனவரி 6 இல், ரோம் நகரின் சன் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவரது முதலாவது குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. குழந்தைகளின் உயரத்துக்குக் கதிரையும் மேசையும் செய்யப்பட்டன. சொரசொரப்பான எழுத்துகளை விரலால் தடவிப் பிள்ளைகள் எழுதப் பழகினர். ஏடு தொடக்கும் நாளில் அரிசியில் விரல் பிடித்து எழுதிய நமக்கு இது புதிதன்று. மூன்று வயதளவான ஒரு சிறுமி, மரத் துண்டுகளை உரிய குழிகளில் பொருத்துவதை நாற்பது தடவைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்தாள். சுற்றிப் பாட்டுப் பாடினார்கள். இருந்த கதிரையோடு தூக்கி வைத்தார்கள். அவள் கவனம் கலையவில்லை. வாட்டில் நோயாளியைப் பார்ப்பது போல மரியா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிசும் தண்டனையும் பிள்ளைக்குத் தேவையில்லை, தானே தேர்ந்த வேலையும் அதை முடிக்க நேரமும் போதும், ஆசிரியர் முதலில் அவதானிக்க வேண்டும் என்பது அவர் கொள்கையாயிற்று.

ஊர்ப் பிள்ளைகளை இவ்வாறு பார்த்தவருக்குத் தம் பிள்ளையைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1898 இல், மணமாகாத நிலையில், சக வைத்தியர் ஒருவரால் மகன் மரியோ பிறந்தார். அக்காலச் சமூகம் அதைத் தாங்காது. குழந்தை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்ந்தது. பதின்ம வயதில்தான் மகன் தாயிடம் வந்தார். அதன் பின்னும் நெடுங்காலம் மகன் என்று வெளிப்படையாகச் சொல்ல முடியவில்லை.

முசோலினி ஆட்சியில் இத்தாலியில் இருந்த அவரது பாடசாலைகள் மூடப்பட்டன. 1939 இல் தாயும் மகனும் சென்னை அடையாறுக்கு வந்தார்கள். போரில் இத்தாலி எதிரி நாடாகவே, மரியோ தடுத்துவைக்கப்பட்டார். தாயின் எழுபதாவது பிறந்தநாளில் அவரை விடுவித்த அரசாங்கம், அவரை மகன் என்றே குறிப்பிட்டது. பின்னர் கொடைக்கானலிலும் பணி தொடர்ந்தது. 1944 இல் இலங்கைக்கு வந்து, குழந்தையின் முதல் மூன்று ஆண்டுகள் பற்றி ஆசிரியர்களுக்கு முப்பது விரிவுரைகள் ஆற்றினார். தம் மகனிடத்தில் தாம் இழந்த ஆண்டுகள் அவைதாம். 1952 மே 6 இல் நெதர்லாந்தில் காலமானார்.

அவர் பெயர் இன்று நம் வீதிகளில் பலகை தோறும் இருக்கிறது. ஆனால் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது, நோய் எதுவும் இல்லாமலே வயிற்றுவலியென்று வரும் பிள்ளைகளையும் நாம் பார்க்கிறோம். அவர்களுக்கு எழுதிக் கொடுக்க மருந்தில்லை. சற்றுப் பொறுங்கள் என்று பெற்றோரிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கீழ்ப்பிரிவில் நமக்குப் படிப்பித்த ரீச்சர் ஒருவர், சப்பாத்து நாடாவை நாமே கட்டி முடிக்கும் வரை குனியாமல், பேசாமல், பக்கத்தில் நிற்பார். மணி அடித்தாலும் நிற்பார். மொன்டிசோரியை அவர் படித்தாரோ, நாம் கேட்டதில்லை. எங்கெங்கோ வாழும் சகோதரிகளே, உங்கள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ நாடாவோடு மல்லுக்கட்டும்போது, அவசரப்பட்டுக் குனியாதீர்கள். ரீச்சரைப் போல் சற்று நின்று பாருங்கள்.