தொழிலாளர் வாயைத் திறந்த திரு.வி.க.

மீஞ்சூர் ரயில் நிலையம். பொழுது இன்னும் நன்றாக விடியவில்லை. கையில் சாப்பாட்டுத் தூக்குடன் ஆண்களும் பெண்களும் வந்து நிற்கிறார்கள். சிலர் அத்திப்பட்டுக்குப் போகிறவர்கள். சிலர் எண்ணூருக்கு. இன்னும் சிலர் திருவொற்றியூருக்கும், அதற்கு அப்பால் சென்னைப் பட்டணத்துக்கும் போகிறவர்கள்.

ரயில் வரும்வரை பேச்சுக்குக் குறைவில்லை. கத்தரிக்காய் விலையைப் பேசுகிறார்கள். மகளுக்கு வரன் பார்ப்பதைப் பேசுகிறார்கள். மாமியார் மருமகள் சண்டையைக்கூட மறைக்காமல் சொல்லுகிறார்கள்.

ஆனால் மாதம் எவ்வளவு சம்பளம் வருகிறது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். பேச்சு சட்டென்று நின்றுவிடும். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். மற்றொருவர் ரயில் வருகிறதா என்று தண்டவாளத்தைப் பார்ப்பார்.

ஆணின் சம்பளத்தையும் பெண்ணின் வயதையும் கேட்கக்கூடாது என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. இது சரியா? ஒரே வேலை செய்யும் இருவர், தாங்கள் வாங்கும் கூலியை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது தவறா?

இந்தக் கேள்வியோடு ஒரு பெரியவரின் வாழ்க்கையைப் பார்ப்போம். மீஞ்சூர் ரயில் பேசின் பிரிட்ஜை அடையும்போது மேற்கே இருப்பது புளியந்தோப்பு. அதை அடுத்தது பெரம்பூர். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்த வட்டாரத்தில்தான் அவர் தொழிலாளர் நடுவே நின்று பேசினார். அவர்தான் தமிழ்த் தென்றல் திரு.வி.க.

இளமையில் வந்த சோதனை

திருவாரூர் விருத்தாசலம் கல்யாணசுந்தரம் என்பது அவருடைய முழுப் பெயர். முன்னோர்களின் ஊர் திருவாரூர். ஆனால் அவர் பிறந்தது பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ள துள்ளம் என்ற சிற்றூரில். 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி பிறந்தார். தந்தையார் விருத்தாசல முதலியார். தாயார் சின்னம்மாள். அந்தக் காலத்தில் மீஞ்சூரும் அதே செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே அவர் நம் பக்கத்து மனிதர்.

குடும்பம் சென்னை ராயப்பேட்டைக்குக் குடிவந்தது. சிறுவன் கல்யாணசுந்தரம் பள்ளியில் சேர்ந்தான். ஆனால் நோய் வந்தது. கையும் காலும் முடங்கின. படிப்பு சில ஆண்டுகள் நின்றுபோயிற்று. உடல் தேறிய பிறகு ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் சேர்ந்து படித்தார்.

அங்கே தமிழாசிரியராக இருந்தவர் யாழ்ப்பாணம் கதிரைவேற் பிள்ளை. பெரும் புலவர். மாணவருக்கு ஆசிரியர் மீது அளவற்ற பக்தி. 1904-ஆம் ஆண்டு ஆசிரியர் மீது ஒரு வழக்கு வந்தது. அதில் சாட்சி சொல்ல மாணவர் கோர்ட்டுக்குப் போனார். அதனால் பரீட்சை எழுத முடியாமல் போயிற்று. பள்ளிப் படிப்பு அதோடு முடிந்தது.

தனக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தும், பேசவேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடாது. இந்தக் குணம் அன்றே அவரிடம் இருந்தது.

குமாஸ்தாவும் ஆசிரியரும்

பிழைப்புக்கு வழி வேண்டும் அல்லவா? ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார். அப்பொழுது நாடெங்கும் சுதேசிக் கிளர்ச்சி. இளைஞரின் மனம் அதில் சென்றது. வேலை நிலைக்கவில்லை.

பிறகு ஆயிரம் விளக்குப் பகுதியில் ஆசிரியரானார். அதன்பின் வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியர் ஆனார். மதிப்பான பதவி. மாதம் தவறாமல் சம்பளம் வரும். 1912-இல் கமலாம்பிகை அம்மையாரை மணந்துகொண்டார். இனிய இல்லறம்.

1917-இல் அந்த வேலையையும் விட்டார். தேசபக்தன் என்ற நாளிதழுக்கு ஆசிரியரானார். அதுவரை ஆங்கிலம் கலந்து எழுதி வந்த அரசியல் செய்திகளை, படிப்பு அதிகம் இல்லாதவர்களும் புரிந்துகொள்ளும்படி நல்ல தமிழில் எழுதினார்.

அந்தத் தமிழைத் தேடிக்கொண்டுதான் தொழிலாளர்கள் வந்தார்கள்.

கடையில் பிறந்த பேச்சு

பெரம்பூர் வட்டாரத்தில் பின்னி கம்பெனியாரின் பக்கிங்காம் மில், கர்நாடிக் மில் என்ற இரண்டு பெரிய மில்கள் இருந்தன. ஆயிரக் கணக்கானவர்கள் வேலை செய்தார்கள். விடிந்ததும் உள்ளே போனால் மாலையில்தான் வெளியே வரலாம். நடுப்பகல் சாப்பாட்டுக்கு அரைமணி நேரந்தான். கை கழுவி, ஓடிவந்து, நின்றபடியே விழுங்கிவிட்டு ஓடவேண்டும்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அரிசி விலை ஏறியது. துணி விலை ஏறியது. கூலி அதற்குத் தக்கபடி ஏறவில்லை. அபராதம் என்று பிடிப்பார்கள். என்றைக்குச் சம்பளம் தரவேண்டும், எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்குச் சட்டம் எதுவும் கிடையாது.

இதை எல்லாம் யாரிடம் சொல்வது? மேஸ்திரியிடம் சொன்னால் வேலை போய்விடும். பக்கத்துத் தறிக்காரனிடம் சொல்லவும் பயம்.

அந்தப் பகுதியில் செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்று இரண்டு வியாபாரிகள் இருந்தார்கள். தொழிலாளர்கள் அவர்களுடைய கடைக்கு வருவார்கள். கடனுக்குச் சாமான் வாங்கும்போது குடும்பக் கஷ்டம் வெளிவரும். ஏன் கடன் என்று கேட்டால் கூலிக் கணக்கு வெளிவரும். ஒருவர் சொன்னதையே மற்றவரும் சொன்னார். தனித்தனி வீட்டுக் கஷ்டம் என்று நினைத்தது எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்று தெரிந்தது.

சங்கம் பிறந்த கதை இவ்வளவுதான். கடை வாசலில் கூலிக் கணக்கைச் சொல்லிக்கொண்டதே அதன் தொடக்கம்.

அந்த வியாபாரிகள் ஒரு பக்திச் சபையும் நடத்தி வந்தார்கள். அதில் பேச திரு.வி.க.வை அழைத்தார்கள். பிறகு அன்னி பெசண்டு அம்மையாரோடு பணிபுரிந்து வந்த பி.பி.வாடியாவையும் அழைத்து வந்தார்கள். 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அது போற்றப்படுகிறது. வாடியா தலைவர். திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர்.

வாடியா ஆங்கிலத்தில் பேசுவார். திரு.வி.க. அதைத் தமிழில் சொல்லுவார். பிறகு தாமே பேசுவார். சாப்பாட்டு நேரத்தைச் சற்று நீட்டவேண்டும் என்பது முதல் கோரிக்கைகளுள் ஒன்று. மில்லுக்குள் காதோடு காதாகப் பேசிய விஷயத்தை, மாலையில் திறந்த வெளியில் ஆயிரம் பேர் முன்னால் ஒருவர் நல்ல தமிழில் எடுத்துச் சொன்னதைத் தொழிலாளர்கள் கேட்டார்கள். அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அதே 1918-ஆம் ஆண்டில்தான் கமலாம்பிகை அம்மையார் காலமானார். இல்லறம் ஆறே ஆண்டுகள். பிறந்த இரண்டு குழந்தைகளும் முன்னரே இறந்துவிட்டன. திரு.வி.க. மறுமணம் செய்துகொள்ளவில்லை. தொழிலாளர் குடும்பங்களே அவருடைய குடும்பம் ஆயின.

பேசியதற்கு வழக்கு

முதலாளிமார் சும்மா இருப்பார்களா? மில் கதவுகள் அடைக்கப்பட்டன. 1920-இல் மறுபடியும் கதவடைப்பு. அந்த டிசம்பரில் போலீசார் துப்பாக்கியால் சுட்டார்கள்.

கம்பெனியார் சென்னை ஐகோர்ட்டில் வாடியா மீதும் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் மீதும் வழக்குப் போட்டார்கள். தொழிலாளரைத் தூண்டி, வேலை ஒப்பந்தத்தை மீறச் செய்தார்கள், அதனால் நஷ்டம் என்பது வழக்கு. ஐகோர்ட்டு தடை உத்தரவு போட்டது. கடைசியில் சமரசம் ஏற்பட்டது. வாடியா சங்கத்தை விட்டு விலகவேண்டியதாயிற்று. மில் திறந்தது. ஆனால் முன்னின்ற பதின்மூன்று தொழிலாளருக்கு மறுபடி வேலை இல்லை.

சங்கம் நடத்துவதே ஆபத்து என்ற நிலை. அந்த நேரத்தில் பாரம் திரு.வி.க.வின் தோளில் விழுந்தது.

1921-இல் பெரிய வேலைநிறுத்தம். மாதக் கணக்கில் நீடித்தது. கவர்னர் வில்லிங்டன் பிரபு திரு.வி.க.வை அழைத்து, நாடு கடத்திவிடுவதாக எச்சரித்தார். அவர் அஞ்சவில்லை.

ஆனால் ஒரு பெருந்துயரம் நேர்ந்தது. ஆதி திராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் தொடரவில்லை. அவர்கள் மிகவும் ஏழைகள். சாதியின் பெயரால் மற்றத் தொழிலாளரிடமே இழிவுபட்டவர்கள். இரண்டு பிரிவாருக்கும் பகை மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. வேலைநிறுத்தம் தோற்றது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கூலியைப் பற்றிச் சிலர் மட்டும் கூடிப் பேசினால் போதாது. பக்கத்தில் நிற்பவனுக்கு நம்மைவிடக் குறைவாக என்ன கிடைக்கிறது என்பதையும் கேட்கவேண்டும். பணம் மட்டும் அல்ல, மரியாதையும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. அதைக் கேளாமல் விட்டால் ஒற்றுமை நிலைக்காது.

தோல்வியிலிருந்து வந்த சட்டம்

தோற்ற போராட்டம் வீண்போகவில்லை. சென்னையில் நடந்த வழக்கு நாடெங்கும் பேசப்பட்டது. தொழிலாளர் கூடிப் பேசுவதே குற்றமானால் அவர்கள் எங்கே போவார்கள் என்று தலைவர்கள் கேட்டார்கள். என்.எம்.ஜோஷி சட்டசபையில் குரல் எழுப்பினார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு செய்த சங்கத்தின் நியாயமான வேலைகளுக்காக அதன் நிர்வாகிகள் மீது அத்தகைய வழக்குப் போட முடியாது என்று பாதுகாப்பு ஏற்பட்டது.

1936-இல் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வந்தது. ஆயிரம் பேருக்குக் குறைந்த தொழிற்சாலையில், சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று அது விதித்தது. ஆயிரம் பேரும் அதற்கு மேலும் இருந்தால் பத்தாம் நாளுக்குள். அபராதத்துக்கும் வரம்பு வந்தது. சட்டத்தின் சுருக்கத்தைத் தொழிலாளர் மொழியில் எழுதி ஆலையில் ஒட்டவேண்டும் என்றும் அது சொன்னது. 1948-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1976-இல், ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று சட்டம் வந்தது. 2019-இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு, சம்பளச் சீட்டு தரவேண்டும் என்கிறது.

சட்டமே கூலியைச் சுவரில் ஒட்டச் சொல்லும்போது, நாம் ஏன் அதை மடியில் முடிந்து வைக்கவேண்டும்? அடுத்த இயந்திரத்தில் நிற்கும் ஆணுக்கு எவ்வளவு என்று தெரியாத பெண், தனக்குக் குறைகிறது என்பதை எப்படி அறிவாள்? அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலாளர் தங்களுக்குள் கூலியைப் பேசிக்கொள்ளும் உரிமையைக் காக்கிறது.

கடைசி வரை

திரு.வி.க. நவசக்தி என்ற இதழை நடத்தினார். பெண்ணின் பெருமை, மனித வாழ்க்கையும் காந்தியடிகளும் முதலிய நூல்களை எழுதினார். பணம் சேர்க்கவில்லை. நாடு விடுதலை அடைந்த 1947-ஆம் ஆண்டிலும் மில் தொழிலாளர் போராட்டம் நடந்தது. அறுபது வயதைக் கடந்த அவரை அப்போதும் வீட்டுக் காவலில் வைத்தார்கள். வெள்ளைக்காரக் கவர்னருக்கு அஞ்சாதவர், நம்மவர் ஆட்சியிலும் தொழிலாளர் பக்கமே நின்றார்.

முதுமையில் கண்பார்வை மங்கியது. எழுத முடியவில்லை. அவர் சொல்ல, மற்றவர்கள் எழுதினார்கள். 1953-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி அவர் மறைந்தார். பக்கிங்காம், கர்நாடிக் மில்களும் 1990-களில் மூடிவிட்டன. சங்கொலி நின்றுவிட்டது.

பொறாமை வராதா?

சம்பளத்தைச் சொன்னால் பொறாமை வரும், சண்டை வரும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அதிலும் உண்மை இருக்கிறது. உறவினர் முன்னால் பெருமைக்குச் சொல்வது வேறு. கடன் கேட்பவரிடம் மறைப்பது வேறு. சொல்ல விரும்பாதவரைக் கட்டாயப்படுத்துவதும் சரியல்ல.

ஆனால் ஒரே வேலையைச் செய்கிற இருவர் சம்பளச் சீட்டை அருகருகே வைத்துப் பார்ப்பது வம்பு அல்ல. அனுபவத்தால், திறமையால் ஒருவருக்குக் கூடுதலாக இருக்கலாம். காரணம் தெரிந்தால் மனம் ஆறும். காரணம் இல்லாவிட்டால் நியாயம் கேட்கலாம். நிரந்தரத் தொழிலாளிக்கு ஒன்று, கான்டிராக்டு தொழிலாளிக்கு ஒன்று, வெளிமாநிலத்திலிருந்து வந்தவருக்கு இன்னொன்று என்று இருக்கும் இடத்தில் இது மிகவும் அவசியம். மறைத்து வைக்கும் கணக்கில்தான் சந்தேகமும் பொறாமையும் வளர்கின்றன.

நாளைக் காலை மீஞ்சூர் நிலையத்தில் ஒரு புதுப் பையன் வந்து நிற்பான். முதல் மாதச் சீட்டைப் பையிலிருந்து எடுத்து, இதில் பிடித்தம் என்று போட்டிருக்கிறதே, உங்களுக்கும் இப்படித்தானா என்று தயங்கித் தயங்கிக் கேட்பான். அப்போது தண்டவாளத்தைப் பார்க்காதீர்கள். அவன் சீட்டைப் பாருங்கள். உங்கள் சீட்டையும் காட்டுங்கள்.

திரு.வி.க.வுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.