நாமக்கல் கவிஞரும் நல்லதோர் இரசிகரும்

காவிரிக் கரையில், முன்னாளில் சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்து இந்நாளில் நாமக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ள மோகனூரில், 1888ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் வெ. இராமலிங்கம் பிள்ளை பிறந்தார். அவர்தம் தந்தையார் காவல்துறையிற் பணிபுரிந்தவர். நாமக்கல்லிலும் கோயம்புத்தூரிலும் பள்ளிக் கல்வியும், திருச்சிராப்பள்ளியிற் கல்லூரிக் கல்வியும் பெற்ற இராமலிங்கனார், சிலகாலம் தாசில்தார் கச்சேரியில் எழுத்தராயிருந்து, பின்னர் ஓவியத்தையே தொழிலாகக் கொண்டார்.

உருவப்படத்தைக் கண்டு, ஏதோ சரியில்லை என்று மட்டும் சொல்லிச் செல்வாரால் ஓவியனுக்குப் பயன் யாது? குறை எங்குளதென்று அறியாது, செம்மையாய் அமைந்த கண்ணையும் அவன் அழித்துவிடக்கூடும். இடப்புருவம் நூலளவு தாழ்ந்துளது என்பாரே உதவுவார். தூரிகை உடனே அவ்விடம் செல்லும். கவிதைக்கும் இஃதே முறை. ஆயின், கவிதையில் இடஞ்சுட்டி உரைப்பார் அரியர்.

அத்தகையார் ஒருவரை இராமலிங்கனார் செட்டிநாட்டிற் சந்தித்தார். அவரே சுப்பிரமணிய பாரதியார். ஓவியராக வந்தவரைப் பாரதியார் பாடுமாறு பணிக்க, அவரும் தாம் இயற்றிய பாட்டொன்றைப் பாடினார். பாட்டு நன்றென்று பொதுப்படக் கூறிப் பாரதியார் அமைந்திலர். தமக்குரிய ஆட்சியை அயலார்பால் விடுத்து அடங்கி நின்றோரைக் குறிக்கும் ஒரு தொடரைத் தனியே எடுத்து, மீண்டும் சொல்லிச் சுவைத்தார்; பாடியவர் புலவரே என்றும் துணிந்துரைத்தார். புலவர் என்ற பாராட்டு ஊக்கம் தந்திருக்கும். தம் ஆற்றல் எச்சொல்லில் விளங்கிற்று என்பதை அத்தொடரே காட்டியிருக்கும் என நாம் கருதுகிறோம்.

அத்தொடரின் பொருளாகிய நாட்டுரிமையே பின்னர் அவர் கவிதைக்கு உயிராயிற்று. 1930இல் இராஜாஜி தலைமையில் திருச்சியினின்று வேதாரணியம் சென்ற உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்க்கு நடைப்பாட்டு யாத்தளித்தார். 1932இல் சிறை புகுந்தார். 1949இல் சென்னை மாகாண அரசவைக் கவிஞரானார். 1971இல் பத்மபூஷண் விருது பெற்று, 1972 ஆகஸ்டு 24ஆம் நாள் மறைந்தார்.

நம்மிடையே பாப்புனையத் தொடங்குவார் பலர் உளர். அவர்தம் ஏட்டைப் புரட்டி, உயிரில்லை என்றோ நடை சரியில்லை என்றோ சொல்லித் திருப்பித் தருகின்றோம். அவரும் எதனைத் திருத்துவதென்று தெரியாது, எழுதுவதையே விட்டுவிடுகின்றனர். எவ்வடி தளர்ந்தது, எச்சீரில் தளை தட்டிற்று, எவ்வுவமை பொருந்திற்று என்பதை நாம் விரல்வைத்துக் காட்டுவோமாக. அதற்கு நாமும் அவ்வேட்டை இருமுறையேனும் படித்தல் வேண்டும். அவ்வுழைப்பிற்கு அஞ்சியே பொதுச்சொல்லில் ஒதுங்குகின்றோம்.