திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார்

நடுநாட்டிலே, திருஎருக்கத்தம்புலியூரிலே, பாணர் மரபிலே அவதரித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார். அவர் காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டு. பாணர் சங்ககாலத்திலே அரசரவைகளிற் போற்றப்பட்ட இசைவாணர். பிற்காலத்தார் அவரை இழிகுலத்தாரென விலக்கினர். இசையை விரும்பி, இசைத்தவரை வாயிற்புறத்தே நிறுத்தினர்.

நாயனார் தம் மனைவியார் மதங்கசூளாமணியாரோடு தலங்கள்தோறுஞ் சென்று சிவபெருமான் புகழை யாழிலிட்டு வாசித்தார். மதுரையிலே திருவாலவாய்த் திருக்கோயில் வாயிலின் முன்னின்றே வாசித்தார். அன்றிரவு இறைவர் தொண்டரெல்லார்க்குங் கனவிலே பணித்தபடி, அவர்கள் அவரைத் திருமுன்பு புகுவித்தார்கள். நிலத்தின் ஈரந் தாக்கினால் யாழ்நரம்பின் கட்டுத் தளருமென்று, பலகையிடும்படியும் இறைவர் அருளினார். திருவாரூரிலே, வடதிசையில் வேறு வாயில் வகுக்கப்பெற்று உட்புகுந்து வணங்கினார்.

பின்பு சீகாழியை அடைந்து, குழந்தைப் பருவத்திலேயே பதிகம்பாடிய திருஞானசம்பந்தரைப் பணிந்தார். பிள்ளையார் பாட, பாணர் யாழிலிட, இருவரும் பிரியாது தலயாத்திரை செய்தனர். தருமபுரத்திலே சுற்றத்தார், பதிகத்தின் பெருமை யாழினாலாயதென்றனர். அது பொறாத பாணர் வேண்ட, பிள்ளையார் யாழிலடங்காத பதிகம் பாடினார். பாணர் யாழை உடைக்க ஓங்கியபோது, பிள்ளையார் தடுத்து, இயன்ற அளவில் வாசிக்கப் பணித்தார். திருச்சாத்தமங்கையிலே, அந்தணராகிய திருநீலநக்க நாயனார் தம் மனையில் வேள்வித்தீயின் அருகே பாணருக்குப் பள்ளியிடங் கொடுத்தார். அத்தீ வலஞ்சுழித்து ஓங்கிற்று. இறுதியில், திருநல்லூர்ப்பெருமணத்திலே பிள்ளையாரோடு பாணருஞ் சோதியிற் கலந்தார்.

பிற்காலத்திலே தேவாரப் பண்கள் மறைந்தபோது, அவற்றை வகுத்தளித்தவர் எருக்கத்தம்புலியூரிலே இப்பாணர் மரபிற் பிறந்த ஒரு பெண்மணியாரென்று திருமுறைகண்ட புராணங் கூறும். ஆதலால், நாம் பண்ணோடு தேவாரம் ஓதும்போதெல்லாம், வாயிற்புறத்தே நிறுத்தப்பட்ட ஒரு குலத்தாருக்குக் கடன்பட்டவராகின்றோம்.

இக்கடனை நம்மவர் நெடுங்காலம் மறந்திருந்தனர். இலங்கையிலே 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்குஞ் சட்டம் பிறந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப்பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. இறைவர் கனவிலே இட்ட கட்டளையை நாம் விழித்திருந்தும் கேளாதிருந்தோமன்றோ!

ஆசிரியர்காள்! குருபூசைத் தினத்தில் இச்சரித்திரத்தைச் சொல்லும்போது பலகையின் அற்புதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பாணர் ஏன் வாயிலின் முன்னே நின்றார் என்று மாணாக்கர் வினவுவர். அதற்கு மறையாது விடையிறுங்கள். இசையிலே நாட்டமுள்ள பிள்ளை எந்தக் குடியிற் பிறந்ததாயினும், பண்ணிசை வகுப்பிலே முன்வரிசையில் இருத்துங்கள். நாயனாருக்கு நாம் செய்யத்தக்க பூசை அதுவேயாம்.