அமீர் அப்துல் காதிரும் வல்லரசின் கடமையும்

வலிமை மிக்க நாடுகளுக்கு உலக விவகாரங்களில் தலையிடும் கடமை உண்டா என்னும் வினா பழமையானது. 1994இல் ருவாண்டாவிலும் 1995இல் போஸ்னியாவிலும் மக்கள் கொன்று குவிக்கப்பட்டபோது, வல்லரசுகள் ஏன் உரிய காலத்தில் வரவில்லை என்று உலகம் கேட்டது. 2003இல் ஈராக்கினுள் அந்நியப் படைகள் புகுந்தபோது, அவை ஏன் வந்தன என்று அதே உலகம் கேட்டது. இவ்விரு வினாக்களையும் தம் ஒரே வாழ்நாளில் நேருக்கு நேர் எதிர்கொண்ட பெருமகனார் அமீர் அப்துல் காதிர் அல்ஜஸாயிரீ (ரஹ்) அவர்கள். அன்னாரின் வாழ்வை அவ்வினாக்களின் வெளிச்சத்தில் ஈண்டு நோக்குவோம்.

அல்ஜீரியாவின் மேற்குப் பகுதியில், மஸ்காரா நகருக்கு அருகிலுள்ள கெத்னா என்னும் சிற்றூரில் 1808ஆம் ஆண்டு அமீர் அவர்கள் பிறந்தார்கள். தந்தையார் ஷைகு முஹ்யித்தீன் அவர்கள் காதிரிய்யா தரீக்காவின் ஞானாசிரியர். இளமையிலேயே குர்ஆனை மனனம் செய்த மைந்தர், தம் பதினேழாம் வயதில் தந்தையாருடன் ஹஜ் பயணம் புறப்பட்டார். எகிப்தில் முஹம்மது அலீயின் சீர்திருத்தங்களைக் கண்டார். பக்தாதில் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் அடக்கவிடத்தை ஸியாரத் செய்தார். அப்பெரியாரின் பெயரைத் தம் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழும் தமிழக முஸ்லிம்களுக்கு, இம்மைந்தரின் பெயர் வந்த வழியை விளக்க வேண்டியதில்லை. நூலும் தஸ்பீஹும் ஏந்தி வாழ எண்ணிய இளைஞரின் கையில் வாளைக் கொடுத்தது பிரான்சின் படையெடுப்பு.

அப்படையெடுப்பின் காரணம் வியப்புக்குரியது. முன்னர்த் தான் வாங்கிய கோதுமைக்குரிய கடனைப் பிரான்ஸ் தீர்க்கவில்லை. அது குறித்து 1827இல் எழுந்த வாக்குவாதத்தில், அல்ஜியர்ஸின் ஆட்சியாளரான தெய் ஹுசைன் தம் கையிலிருந்த விசிறியால் பிரெஞ்சுத் தூதரை அடித்துவிட்டார். கடன்பட்ட நாடு தன் மானம் போயிற்று என்று சினந்தது. உள்நாட்டில் செல்வாக்கிழந்திருந்த பத்தாம் சார்லஸ் மன்னருக்கும் ஒரு வெற்றி தேவைப்பட்டது. 1830 சூன் 14இல் கரையிறங்கிய படை, சூலை 5இல் அல்ஜியர்ஸைக் கைப்பற்றியது. துருக்கியரின் கொடுங்கோன்மையிலிருந்து மக்களை விடுவிக்கவே வந்திருப்பதாகப் படைத்தலைமை அறிக்கை விடுத்தது. சமயமும் உடைமையும் காக்கப்படும் என்று உடன்படிக்கையிலும் எழுதித் தந்தது. ஆயின் இரண்டே ஆண்டுகளில் நகரின் புகழ்பெற்ற கெச்சாவா பள்ளிவாசல் கிறித்தவப் பேராலயமாக மாற்றப்பட்டது. விடுவிக்க வந்தவர்கள் திரும்பிச் செல்ல 132 ஆண்டுகள் ஆயின.

1832 நவம்பரில் மேற்குப் பகுதிக் குலத்தார் திரண்டு வந்து, இருபத்து நான்கே வயதான அப்துல் காதிரிடம் பைஅத் செய்தனர். சிதறிக் கிடந்த குலங்களைத் திரட்டி அவர் ஓர் அரசையே அமைத்தார். காணிவரிக்கு ஒழுங்கும், நிலையான படையும், நீதிக்குக் காழிகளும், சொந்த நாணயமும் அவ்வரசுக்கு இருந்தன. 1837இல் தாப்னா உடன்படிக்கையின் வழி, நாட்டின் உட்பகுதியில் பெரும்பரப்பின் மீது அவருக்கிருந்த ஆட்சியைப் பிரான்சே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கைதிகளிடத்து அவர் காட்டிய நெறி நினைவில் நிறுத்தத் தக்கது. சிறைப்பட்ட பகைவரைத் துன்புறுத்தவோ கொல்லவோ கூடாதென்று அவர் ஆணையிட்டார். அல்ஜியர்ஸின் கிறித்தவப் பேராயர் வேண்டிக்கொண்டபடி கைதிகளை விடுவிக்கவும் இசைந்தார். போர்க்கைதிகளைப் பற்றிய 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னர் நிகழ்ந்தது இது.

1839இல் போர் மீண்டும் மூண்டது. தளபதி புழோ விளைநிலங்களைத் தீயிட்டும், களஞ்சியங்களைச் சூறையாடியும், கால்நடைகளைக் கவர்ந்தும் மக்களைப் பட்டினியால் பணிய வைத்தார். 1845இல் தஹ்ரா மலைக் குகையொன்றில் அடைக்கலம் புகுந்திருந்த நூற்றுக்கணக்கான ஆண்களும் பெண்களும் குழந்தைகளும், வாயிலில் தீமூட்டிப் புகையால் மூச்சடைத்துக் கொல்லப்பட்டனர். தம் மக்கள் மேலும் மாளுதல் ஆகாதென்று கருதிய அமீர் அவர்கள், 1847 திசம்பரில், அலெக்சாந்திரியாவுக்கோ அக்காவுக்கோ செல்ல விடுவதாக அளிக்கப்பட்ட வாக்கை நம்பி வாளைக் கீழே வைத்தார்கள். பிரான்ஸ் அவ்வாக்கைக் காற்றில் பறக்கவிட்டு, குடும்பத்துடன் அவரைச் சிறைவைத்தது. தூலோன், போ, அம்புவாஸ் எனக் கோட்டை கோட்டையாகக் கழிந்தன ஐந்தாண்டுகள். உடனிருந்தோர் பலர் அந்தக் குளிரில் மாண்டனர். அம்புவாஸ் கோட்டைத் தோட்டத்தில் மட்டும் இருபத்தைந்து பேர் அடங்கியுள்ளனர். 1852இல் லூயி நெப்போலியன் நேரில் வந்து அவரை விடுவித்தார். மீண்டும் பிரான்சுக்கு எதிராக வாளேந்துவதில்லை என்று தாம் தந்த வாக்கை அமீர் அவர்கள் இறுதிவரை காத்தார்கள். பிரான்ஸ் தந்த ஓய்வூதியத்தை ஏற்றதற்காக அவரைக் குறை கூறுவோர் உளர். வாக்கு மீறியவர்களிடமும் வாக்குத் தவறாதவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை.

1855இல் அவர் திமிஷ்க் நகரில் குடியேறினார். உமையாப் பள்ளிவாசலில் பாடம் சொல்வதும், இப்னு அரபீ (ரஹ்) அவர்களின் நூல்களில் ஆழ்வதுமாக நாட்கள் சென்றன. ஆயினும் நாட்டுநிலை அமைதியாக இல்லை. சமயம் எதுவாயினும் குடிமக்கள் யாவரும் சமம் என்று 1856இல் உஸ்மானியச் சுல்தான் ஆணை பிறப்பித்திருந்தார். ஐரோப்பிய வணிகத்தால் கிறித்தவருள் சிலர் செழித்தமையும், படைப்பணிக்கு ஈடான வரியைப் பற்றிய பிணக்கும் பொறாமையை வளர்த்தன. 1860 மே மாதத்தில் லெபனான் மலையில் துரூசியருக்கும் மரோனியக் கிறித்தவருக்கும் இடையே போர் வெடித்தது. திமிஷ்கிலும் அது மூளும் என்று ஆளுநர் அஹ்மது பாஷாவை அமீர் அவர்கள் முன்கூட்டியே எச்சரித்தார்கள். ஆளுநர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

சூலை 9ஆம் நாள் அது மூண்டது. தெருவில் சிலுவைக்குறி வரைந்து கிறித்தவரை இழிவுபடுத்திய இளைஞர் சிலருக்குத் தண்டனையாகத் தெருக்கூட்டும் பணி தரப்பட்டது. அதைக் கண்டு சினந்த கும்பல், கிறித்தவர் வாழ்ந்த பாப் தூமா பகுதியை நோக்கிப் பாய்ந்தது. அரசின் காவற்படை கைகட்டி நின்றது. அமீர் அவர்களோ தம்முடன் நாடுகடந்து வந்திருந்த அல்ஜீரியப் போர்வீரர்களைத் திரட்டி, எரியும் தெருக்களுக்குள் அனுப்பினார்கள். ஐரோப்பியத் தூதர்களும் துறவியரும் கைக்குழந்தையுடன் ஓடிவந்த தாய்மாரும் அவர் இல்லத்தில் நிறைந்தனர். இல்லம் கொள்ளாமற் போகவே, அணி அணியாகக் கோட்டைக்குக் கொண்டு சென்று காக்கப்பட்டனர். கிறித்தவரை உயிருடன் கொணர்வோர்க்குத் தம் கைப்பொருளிலிருந்து பரிசளித்ததும் உண்டு. வாயிலுக்கே வந்து அடைக்கலம் புகுந்தோரைத் தரச்சொல்லிக் கூச்சலிட்ட கும்பலை அவர் நேரில் எதிர்த்து நின்றார். அவ்வாறு உயிர் பிழைத்தோர் பல்லாயிரவர். பன்னிரண்டாயிரம் வரை கூறுவாரும் உளர். மைதான் பகுதி முஸ்லிம்களும் தம் கிறித்தவ அண்டைவீட்டாரைக் காத்தனர் என்பதை மறத்தல் ஆகாது. இத்தனைக்கும் அங்கே பல்லாயிரம் உயிர்கள் பலியாயின. மார்க்கத்தின் பெயரால் கும்பல் செய்ததை, அதே மார்க்கத்தின் கடமையை ஏற்றே அமீர் அவர்கள் தடுத்தார்கள்.

இனி வல்லரசின் வருகை. 1860 ஆகத்து 3இல் பாரிசில் ஐந்து ஐரோப்பிய அரசுகளும் உஸ்மானிய அரசும் கூடி ஓர் உடன்பாட்டிற்கு வந்தன. அதன்படி ஆறாயிரம் பிரெஞ்சு வீரர்கள் ஆகத்து 16இல் பெய்ரூட்டில் இறங்கினர். அதற்குள் திமிஷ்கில் கொலை ஓய்ந்து ஒரு திங்கள் கடந்திருந்தது. உஸ்மானிய அமைச்சர் புஆத் பாஷா சூலை இறுதியிலேயே அங்கு வந்து குற்றவாளிகளைத் தளையிட்டார். பலருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. ஆளுநர் அஹ்மது பாஷாவே சுட்டுக் கொல்லப்பட்டார். பிரெஞ்சுப் படை திமிஷ்கினுள் நுழையவே இல்லை. ஆனாலும் அப்படையின் வருகை முற்றிலும் வீண் என்று தள்ளிவிட நாம் துணியோம். அந்நியப் படை வரும் என்ற அச்சம் இல்லாதிருந்தால், புஆத் பாஷாவின் கை இத்துணை விரைந்திருக்குமா என்பது ஐயமே.

ஈண்டு நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. 1830இல் வந்ததும் பிரான்சே. 1860இல் வந்ததும் பிரான்சே. முன்னதற்கு எவரிடமும் ஒப்புதல் இல்லை. தங்கும் காலத்திற்கு எல்லையும் இல்லை. பின்னதற்கு ஆறு அரசுகளின் கையொப்பம் இருந்தது. ஆறு மாதம் என்ற தவணை இருந்தது. தவணை ஒருமுறை நீட்டிக்கப்பட்டபோதும், பிரித்தானியரின் ஐயப்பார்வைக்கு முன் 1861 சூனில் படை கப்பலேறிற்று. அந்நாட்டின் நல்லெண்ணம் முப்பதாண்டுகளில் வளர்ந்துவிட்டதாக நமக்குத் தோன்றவில்லை. தடுத்துக் கேட்கும் பிறர் அங்கே இருந்தனர், அல்ஜீரியாவில் இல்லை. வல்லரசுக்குக் கடமை உண்டு என்று ஒப்புக்கொள்வோர் எவராயினும், அக்கடமைக்குக் கணக்குக் கேட்பவர் யார் என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும் என்பதே நம் கருத்து.

பாராட்டுகள் குவிந்தன. பிரான்ஸ் தன் மிக உயர்ந்த விருதை அளித்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் இணைக் கைத்துப்பாக்கிகளைப் பரிசாக அனுப்பினார். ரஷ்யாவில் சிறையிருந்த காகசஸ் வீரர் இமாம் ஷாமில் அவர்கள் போற்றி மடல் விடுத்தார்கள். சிரியாவில் ஓர் அரபு அரசை நிறுவி அமீர் அவர்களைத் தலைவராக்கலாம் என்னும் எண்ணம் பிரெஞ்சு அரச வட்டத்தில் உலவியபோது, அவர் அதனை நாடவில்லை. காத்தவர்களை ஆளும் உரிமை தமக்கு வந்துவிட்டதாக அவர் கருதவில்லை. மீண்டும் பாடம் சொல்லவே அமர்ந்தார்.

1883 மே 26இல் திமிஷ்கில் அவர் உயிர் நீத்தார். இப்னு அரபீ (ரஹ்) அவர்களின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். 1920 சூலையில் மைசலூன் போரில் வென்ற பிரெஞ்சுப் படை, முன்பு நுழையாத அந்நகரினுள் ஆளவந்தாராக நுழைந்தது. இம்முறை சிரியாவை விட்டுச் செல்ல 1946 ஆயிற்று. அல்ஜீரியா 1962இல் விடுதலை பெற்றது. கெச்சாவா மீண்டும் பள்ளிவாசலாயிற்று. 1966இல் அமீர் அவர்களின் உடலெச்சம் திமிஷ்கிலிருந்து தாயகம் கொண்டுவரப்பட்டு, அல்ஜியர்ஸில் விடுதலைப் போர்த் தியாகிகளின் நடுவே அடக்கம் செய்யப்பட்டது.