வினாவொன்று காட்டிய சட்டத்துறை

இன்றைய பெலாரஸ் மண்ணில், 1900ஆம் ஆண்டு, யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர் ரஃபேல் லெம்கின். மொழிகளிற் பேரார்வம் கொண்ட அவர், அன்று போலந்திலிருந்த லிவிவ் நகரிற் சட்டம் பயின்றார்.

ஆர்மேனியரின் அழிவுக்குக் காரணரான தலாத் பாஷா, 1921இல் பேர்லினில் ஆர்மேனிய இளைஞர் ஒருவராற் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒருவரைக் கொன்றவரைக் கூண்டிலேற்றும் சட்டம், ஓரினத்தையே அழித்தவரை ஏன் தீண்டவில்லை என லெம்கின் தம் பேராசிரியரிடம் வினவினார். அரசுகளின் இறைமை என்ற விடை அவருக்கு நிறைவளிக்கவில்லை. குற்றவியற் சட்டத்தையும் சர்வதேசச் சட்டத்தையும் தமக்குரிய துறைகளாகத் தேர்ந்தார்.

1939இல் நாசிகளின் படையெடுப்பால் அகதியாகி, சுவீடன் சென்று, 1941இல் அமெரிக்காவை அடைந்தார். உறவினர் 49 பேரைப் பறிகொடுத்தார். இனப்படுகொலையைக் குறிக்கும் ஜெனோசைட் என்னும் சொல்லை ஆக்கி, 1944இல் தம் நூலில் வெளியிட்டார். 1948 டிசம்பர் 9இல் ஐ.நா. பொதுச்சபை அக்குற்றத்துக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்றது. மாணவரின் வினாவுக்குச் சட்டம் விடையளிக்க 27 ஆண்டுகள் சென்றன. 1959இல் நியூயோர்க்கில் வறுமையில் அவர் மறைந்தார். அவர் ஆக்கிய சொல் வாழ்கின்றது.