சென்னையிற் பிறந்த சேல் சீமாட்டி

காபூலில் ஆங்கிலேயர் பட்ட பெருந்தோல்வியை உலகம் நாள்வாரியாக அறிந்திருப்பது, பெரும்பகுதி ஒரு பெண் எழுதிய நாட்குறிப்பினால். அந்தப் பெண் பிறந்த ஊர் சென்னை.

கும்பினியார் திப்பு சுல்தானோடு மூன்றாம் போரில் இறங்கிய 1790-ஆம் ஆண்டு, ஆகஸ்டு 13-ஆம் நாள், கும்பினி அலுவலர் ஜார்ஜ் விஞ்சின் மகளாகப் புளோரன்சியா பிறந்தார். பாட்டனார் அலெக்சாண்டர் விஞ்ச் 1773 முதல் 1775 வரை சென்னையின் ஆளுநர். ஆர்க்காட்டு நவாபுக்காகத் தஞ்சை மன்னர் துளஜாவை அரியணையிலிருந்து இறக்கிய விவகாரத்தில் பதவி இழந்தவர். பேத்தியின் வாழ்வில் புயல் வீசியதும் இன்னோர் அரியணையால்தான்.

இளம்வயதிலேயே அவர் மணந்த ராபர்ட் ஹென்றி சேல் நம் மண்ணிற் போர்க்கல்வி பயின்றவர். 1799-இல் சீரங்கப்பட்டண முற்றுகையிலும், பின்னர் வயநாட்டில் பழசி ராஜாவுக்கு எதிராகவும், அதன்பின் திருவிதாங்கூரிலும் அவர் படை நடந்தது. மணமான பிறகு கணவரின் படை சென்ற திசையே மனைவியின் ஊர்: மொரீஷியஸ், அயர்லாந்து, பர்மா, ஆக்ரா. இந்த அலைச்சலுக்கிடையே பல பிள்ளைகளைப் பெற்றார். சிலரைப் பச்சிளம் பருவத்திலேயே பறிகொடுத்தார். பாவாடை கட்டிய கிரனேடியர் என்று படையினர் அவருக்குப் பட்டம் சூட்டினர்.

1839-இல் ஆங்கிலேயர் தோஸ்த் முகம்மதுவை விரட்டி, ஷா ஷூஜாவைக் காபூலின் அரியணையில் ஏற்றினர். மறு ஆண்டு அம்மையார் மகள் அலெக்சாண்ட்ரினாவுடன் அங்கே சென்று தோட்டம் போட்டார். காலிபிளவரும் உருளைக்கிழங்கும் செழித்தன. அவர் வளர்த்த பூக்களை ஆப்கானியப் பிரபுக்கள் வியந்து பார்த்தனர். ஆக்கிரமித்த ஊரில் பூஞ்செடி நட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நம்பியவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். அந்தப் பாளையமே அப்படித்தான் நம்பியிருந்தது.

கணவாய்களைக் காத்த கில்சாய்த் தலைவர்களுக்கு அளித்துவந்த பணத்தைச் சிக்கனம் கருதிக் குறைத்தார்கள். கணவாய் மூடிக்கொண்டது. அதைத் திறக்க 1841 அக்டோபரில் சேல் புறப்பட்டு, சலாலாபாத்தில் முற்றுகைக்குள் அகப்பட்டார். நவம்பர் 2-ஆம் நாள் காபூல் கிளர்ந்தெழுந்தது. மாடியில் புகைபோக்கிகளுக்குப் பின்னே ஒதுங்கி நின்று, துப்பாக்கிக் குண்டுகளுக்குத் தப்பியபடியே சண்டைகளைப் பார்த்து எழுதிவந்தார் அம்மையார். நோயாளியான தளபதி எல்பின்ஸ்டனின் தடுமாற்றத்தை அவர் எழுதுகோல் சிறிதும் பொறுக்கவில்லை. தளபதிகளின் அறிக்கைகளில் காணாத நேர்மை அந்தப் பக்கங்களில் உண்டு.

பாளையத்தை விட்டுக் கிளம்புமுன் வீட்டின் சாப்பாட்டு மேசையை உடைத்து விறகாக்கினார்கள். நூல்களை விட்டுப்போக நேர்ந்த வேளையில் ஒரு நூலைப் பிரித்தார். எதிர்ப்பட்டது தாமஸ் கேம்பெலின் ஹோஹென்லிண்டன் என்னும் கவிதை, பனிக்களத்தில் மடிந்த வீரரைப் பாடுவது. அதன் அடிகள் இரவும் பகலும் அவரை விட்டு அகலவில்லை. சகுனங்களை நம்பாத பெண்மணிதான். எனினும் மறவாமல் அதைக் குறித்துவைத்தார். ஒரு கவிதைக்கு இதனினும் கொடிய வாசகச் சூழல் வாய்த்திருக்குமா?

1842 சனவரி 6-இல் சுமார் 4,500 படைவீரரும், அவர்களைச் சார்ந்த 12,000 பேரும் பனியில் இறங்கினர். படைவீரருள் ஐரோப்பியர் ஏறத்தாழ 700. ஏனையோர் இந்தியச் சிப்பாய்களே. உறைபனி அறியாத கால்கள் முதல் இரவிலேயே மரத்துப் போயின. எட்டாம் நாள் குர்து காபூல் கணவாயில் இருபுறத்து மலைகளிலிருந்தும் குண்டு மழை. அம்மையாரின் கையில் ஒரு குண்டு பாய்ந்தது; வேறு சில ஆட்டுத்தோல் அங்கியைத் துளைத்துச் சென்றன. மகளின் கணவர், பொறியியல் அதிகாரி ஸ்டர்ட், வயிற்றில் காயமுற்று மறுநாள் மாண்டார். மகளோ கருவுற்றிருந்தாள். அன்றே பெண்டிரும் பிள்ளைகளும் அக்பர் கானின் காவலுக்குள் சென்றனர். சனவரி 13-ஆம் நாள் சலாலாபாத்தை அடைந்தவர் மருத்துவர் பிரைடன் ஒருவரே. பின்னர்ச் சிப்பாய்கள் சிலர் தத்தித் தத்தி வந்து சேர்ந்தனர். வரலாறு அவர்களை எண்ண மறந்தது.

நாட்குறிப்பும் பெரும்பாலும் அப்படியே. வழியில் உறைந்து கிடந்தோரை அம்மையார் பார்க்கிறார், எழுதுகிறார். பெயர் சொல்லித் துக்கிப்பது தம்மவர்க்கு மட்டுமே. அவர் பிறந்த நாட்டின் மக்கள் அவருக்குப் பின்னணியாகவே இருந்தனர். இதையும் சேர்த்தே அவரை நினைக்க வேண்டும்.

சிறைவாசம் ஒன்பது திங்கள் நீடித்தது. நாட்குறிப்பை இடுப்பில் பையில் கட்டிக்கொண்டு கோட்டை கோட்டையாக அலைந்தார். பேனைக் காலாட்படையென்றும் தெள்ளுப்பூச்சியைக் குதிரைப்படையென்றும் பெயரிட்டுச் சிரித்தது அக்கூட்டம். பிப்ரவரி 19-ஆம் நாள் நிலநடுக்கத்தின்போது கூரைமீது நின்றவர், அது சரிய, அதிசயமாகப் பிழைத்தார். சூலை 24-இல் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சிறைக்கு இன்னொரு பெண் வந்ததாகக் குறித்தார் பாட்டி. தம் விடுதலைக்காகத் தம் நாடு தலைகுனிவதை அவர் விரும்பவில்லை என்பதும் அக்குறிப்புகளில் உண்டு. பாமியானில் காவலனுக்குப் பணம் தருவதாக ஒப்பந்தம் எழுதிக் கைதிகளே விடுதலை தேடினர். செப்டம்பர் 20-இல் எதிர்கொண்டழைக்க வந்த படையின் தலைவர் கணவர் சேல்தான்.

1843-இல் நாட்குறிப்பு இலண்டனில் நூலாகிப் புகழ்பெற்றது. 1845 டிசம்பரில் சீக்கியரோடு நடந்த முட்கிப் போரில் சேல் தொடையில் குண்டுபட்டு இறந்தார். விக்டோரியா அரசி ஆண்டுக்கு 500 பவுன் உதவித்தொகை வழங்கினார். அம்மையார் சிம்லா மலையில் வாழ்ந்து, உடல்நலம் தேடிக் கேப் டவுன் சென்று, 1853 சூலை 6-ஆம் நாள் அங்கே காலமானார், கல்லறையும் அங்கேதான். காபூல் பனியில் தப்பிய அலெக்சாண்ட்ரினா, மறுமணம் புரிந்த கணவர் மேஜர் ஹோம்சுடன் 1857 சூலையில் பீகாரின் சுகௌலியில், அக்கணவரின் படைவீரர் கையாலேயே வெட்டுண்டு இறந்தார்.